தலைக்கு ஊற்றாத தண்ணீர்

வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து என் மகளுக்கு ஒரு வயது தாண்டும்வரை அவள் தலையில் நான் ஒரு துளி தண்ணீர்கூட ஊற்றவில்லை. மன்னார்த் தீவில் கீரி என்ற எங்கள் கடற்கரை ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சோளகக் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் வீட்டில் சோற்றுப் பானைக்குள்ளேயே மணல் இருக்கும். பிள்ளைகளின் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் கழுத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றுவேன், கழுத்துக்கு மேலே ஈரத்துணியால் துடைப்பேன். யாராவது கேட்டால் சளி பிடிக்கும் என்பேன். வேர்வை நாக்கில் உப்பாக வழிகிற வெயிலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வேன்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. கடலுக்குள் இறங்கிவிட்டால் இழுத்து வருவதற்கு இரண்டு பேர் வேண்டும். வாய் என்னைப்போல, பிடிவாதம் தகப்பனைப்போல என்று நான் சொல்வேன். இரண்டும் உன்னைப்போலத்தான் என்று அவர் சொல்வார். நான் சந்தோஷமாக இருக்கிறேன். சந்தோஷமாக இல்லாத காலத்தில் இதை எழுதியிருந்தால் ஒரு வரியும் சரியாக வந்திராது.

நான் ஒரு தையல்காரி. ஊரில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் வெள்ளை உடுப்பு என் மெஷினில்தான் தைபடும். எந்தப் பிள்ளைக்கும் நாடா வைத்து அளந்ததில்லை, கண்ணால் பார்த்தே வெட்டிவிடுவேன். ஏழாம் மாதம் தொடங்கியிருந்த ஒரு காலையில் அப்படி ஒரு உடுப்புக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் என் பனிக்குடம் உடைந்தது. மன்னாரில் பார்த்துவிட்டு உடனே தீவுக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸ் தீவைக் கரையோடு இணைக்கும் தாம்போதியில் ஓடியபோது, இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு என்று வயிற்றோடு கதைத்துக்கொண்டே போனேன். அவள் யார் சொல்லைக் கேட்டாள், என் சொல்லைக் கேட்பதற்கு? அன்று பின்னேரமே வயிற்றைக் கீறி எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. பிள்ளை வேறொரு மாடியில், குறைமாதப் பிள்ளைகளின் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நான் பிழிந்து கொடுக்கும் பாலைச் சின்னப் போத்தலில் கொண்டுபோனவர் என் மச்சாள். என் கணவரின் மூத்த சகோதரி. கல்யாணம் கட்டவில்லை, பக்கத்து வளவில் தனியாக இருக்கிறார். கருவாடு போடுகிறவர், பேச்சிலும் உப்புத் தூக்கலாகத்தான் இருக்கும். "எப்பிடி இருக்கிறாள்?" என்று நான் கேட்கும் ஒவ்வொரு தடவையும், "ஆளைப்போலதான் இருக்கிறாள், நீ பாலைப் பிழி," என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

மூன்றாம் நாள் நானே போய்ப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் கண் அளவெடுத்தது. இந்த அளவில் உடுப்பே கிடையாதே என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு தாய் முதன்முதலாகத் தன் பிள்ளையைப் பார்க்கும்போது இப்படியா நினைப்பாள் என்று பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த அறையில் எந்நேரமும் ஏதாவது ஒரு மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. காலில் ஒட்டிய வயர் கழன்றிருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் வயர் கழலவில்லை. என் மகள் மூச்சு எடுக்க மறந்துவிட்டாள். குறைமாதப் பிள்ளைகள் அப்படி மறப்பதுண்டாம். முதலில் உதடு நீலமானது, பிறகு மூக்கைச் சுற்றி, பிறகு முகம் முழுவதும். தாதி மிஸ்ஸி ஓடிவந்து அவளுடைய உள்ளங்காலில் விரலால் சுண்டினார். மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மறந்தாள், மறுபடியும் சுண்டினார்கள். பின்னேரம்வரை இதே கதைதான். கடைசியில் சுண்டியும் வராமல் டொக்டர்கள் பெட்டியைச் சுற்றி நின்றபோது, என் கழுத்துச் சிலுவையைக் கண்ட சிங்கள மிஸ்ஸி ஒருவர், ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து என் கையில் வைத்தார். "அம்மா, ஜெபம். தண்ணி," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது.

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு அது விளங்கும். பங்குச் சுவாமி வந்து சேருமுன் பிள்ளை போய்விடும் என்று தெரிந்தால், பக்கத்தில் நிற்கும் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். சவப்பெட்டிக்குச் சொல்லி அனுப்புமுன் செய்கிற காரியம் அது. நான் கையை உள்ளே விட்டு அந்தத் தண்ணீரை அவள் தலையில் விட்டேன். தந்தை, மகன், தூய ஆவி என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவள் நீலமாகவே இருந்தாள். நான் அவளை வழியனுப்பிவிட்டேன்.

அவள் போகவில்லை. மூச்சு வந்தது, நிறம் வந்தது. பிறகு எடை கூடியது, என் நெஞ்சுத் தோலோடு ஒட்டவைத்துக் கட்டிக்கொண்டிருக்க விட்டார்கள், ஒருநாள் வீட்டுக்கும் விட்டார்கள். ஊரே வந்து பார்த்தது. "இனி என்ன பயம், ரெண்டு மாசத்தில கொழுத்திடுவாள்," என்றார்கள். அவளும் சொன்னபடி கொழுத்தாள். வீட்டுக்கு வந்து சேராதவள் நான்தான்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு மீன்வாடி இருக்கிறது. அதற்கு ஐஸ் கொண்டுவரும் லொறிக்குத் திருப்ப இடமில்லாததால், பெருந்தெருவிலிருந்து பின்பக்கமாகவே வரும். பின்பக்கம் வரும்போது பீப் பீப் என்று கத்தும். அது கேட்டால் கையில் இருப்பதோடு பிள்ளையிடம் ஓடுவேன். ஒருமுறை அரைவாசி துப்புரவாக்கிய கணவாயோடு ஓடி, தொட்டில் சீலை முழுவதும் மை. அவள் சத்தமில்லாமல் தூங்கினால் உள்ளங்காலில் சுண்டுவேன். அவள் வீரிட்டு அழுவாள். அழுதால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம், எனக்கு நிம்மதி. நான் நிம்மதியாக இருப்பதற்காக அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தரம் அழுதாள் என்று எண்ணிப் பார்க்க இப்போதும் எனக்குத் துணிவில்லை.

என் கணவர் விடியற்காலையில் நண்டு வலை எடுக்கப் போய்விட்டு வந்து மத்தியானம் படுப்பார். படுத்தால் குறட்டை. ஒருநாள் நடுவில் குறட்டை நின்றுவிட்டது. நான் போய் அவருடைய உள்ளங்காலில் சுண்டினேன்.

"என்னடி, நானும் ஏழாம் மாசத்திலயோ பிறந்தனான்?" என்று துள்ளி எழும்பினார்.

பிறகு என் முகத்தைக் கண்டார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "இஞ்ச பார், மூச்சு வருது. போகுது. வருது," என்றார். எனக்கு அழுகையும் வந்தது. நித்திரையில் குறட்டையை நிறுத்தினதுக்கு அவர்மேல் கோபமும் வந்தது.

பிள்ளையை நிறுக்க வீட்டுக்கு வரும் மிட்வைப் ஒருநாள் தராசைக் கழற்றிக்கொண்டே, "பிள்ளை திறமா இருக்கு. நீங்கள் நித்திரை கொள்ளுறனீங்களோ?" என்று கேட்டார்.

"நான் நித்திரை கொண்டால் ஆர் மிஸ் அவளைப் பாக்கிறது?" என்றேன்.

அவர் தராசை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். போகும்போது, "இனி பிள்ளைக்கில்லை, உங்களுக்குத்தான் கிளினிக்," என்று மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார்.

ஊருக்கு நான் பல்லுக்குப் போவதாகச் சொன்னேன். அந்த வருடம் எனக்கு வந்த பல்வலிகளுக்கு வாயில் ஒரு பல்லும் மிஞ்சியிருக்கக்கூடாது. அங்கே இருந்த பெண் டொக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இது மனவடு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படம் கீறச் சொல்லும் ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்வார்கள்.

"செல்லடிக்குள்ளால ஓடினனான் டொக்டர், அப்ப வராதது இப்ப வருமோ? ஆஸ்பத்திரியில எங்களை நல்லாத்தான் பாத்தவை. பிள்ளையும் தப்பியிட்டுது," என்றேன்.

"பிள்ளை தப்பினது உங்கட மூளைக்குத் தெரியும் அம்மா. உடம்புக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல. அது இன்னும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலதான் நிக்குது," என்றார். குறைமாதத்தில் பெற்ற தாய்மார் பலருக்கு இது வருவதுண்டு, பிள்ளை தேறின பிறகுதான் தலைகாட்டும் என்றும் சொன்னார். எனக்கு மட்டும்தான் மூளை பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதுவே பாதி மருந்து.

மீதி மருந்து இலகுவில்லை. எதைக் கண்டு ஓடுகிறேனோ அதன் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கப் பழக வேண்டும் என்றார். பீப் சத்தத்துக்கு என் கணவர் வழி கண்டுபிடித்தார். ஐஸ் லொறிக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் தினமும் ஐஸ் இறக்கினதும், லொறியை நிறுத்திய இடத்திலேயே ரிவேர்ஸ் கியரைப் போட்டு, பீப் பீப் என்று கத்தவிட்டுக்கொண்டு பீடி பற்றவைப்பார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்பார். "காணுமோ தங்கச்சி?" என்று லொறிக்காரர் கத்துவார். "இன்னும் கொஞ்சம், அண்ணை," என்பேன். வாடிக்கு வருகிறவர்கள் எங்களைப் பைத்தியக் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும். நாளடைவில் அந்தச் சத்தம் வெறும் லொறிச் சத்தமாகிவிட்டது. உள்ளங்காலில் சுண்டுவதும் குறைந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நித்திரையில் நானே குறட்டை விடுவதாகக் கேள்வி.

தலைக்குத் தண்ணீர் மட்டும் முடியவில்லை. தண்ணீர் மொண்ட தகரப் பேணியைத் தூக்குவேன். கை அந்தரத்தில் நின்றுவிடும். ஊற்றினால் என்ன நடக்கும் என்று டொக்டர் கேட்டபோது, யோசிக்காமல், "நீலமாவாள்," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு விசர்க் கதை என்று எனக்குக் கேட்டது. விசர்க் கதை என்று தெரிந்தும் கை ஊற்றவில்லை.

இதற்கிடையில் மச்சாள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஊற்றினது அவசரத்துக்கு, கோயிலில் சுவாமி முறைப்படி ஊற்றத்தானே வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஊருக்கும் அதே கட்சிதான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை உடுப்புத் தைத்துக் கொடுத்தேன். "தையல்காரியின்ர பிள்ளைக்கு மட்டும் துணி கிடைக்கேல்லையோ?" என்று சனம் பகிடி விட்டது. நானும் சிரித்து வைப்பேன். சனம் சுற்றி நிற்க, அவளை ஞானஸ்நானத் தொட்டியின் மேல் சரித்துப் பிடித்து ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சுற்றி நின்ற டொக்டர்கள்தான் கண்ணுக்குள் வந்தார்கள். ஆனால் அவளுக்குச் சபையில் ஒரு இடமில்லாமல் நானே மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதும் என்னை அரித்தது.

கடைசியில் என் கணவர்தான், "போய்ச் சுவாமியிட்டக் கேள். தண்ணி இல்லாமச் செய்ய ஏலுமோ எண்டு," என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அவ்வளவுக்குப் புத்தி தடுமாறி இருந்திருக்கிறேன்.

புதிதாக வந்திருந்த இளம் சுவாமி. கோயிலுக்குப் பக்கத்தில் அவர் தங்கும் அறைவீட்டு விறாந்தையில் பழுதான மின்விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"சுவாமி, தண்ணி ஊத்தாம ஞானஸ்நானம் குடுக்க ஏலாதோ?"

சுவாமி திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் திருகாணியைக் கீழே வைத்தார்.

"அம்மா, அண்டைக்கு ஊத்தினீங்களெண்டால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு. அது ஒருக்காத்தான். இனி ஊத்தச் சொன்னாலும் நான் ஊத்த ஏலாது. கோயில்ல மிச்சம் இருக்கிறது எண்ணெய் பூசிறதும், வெள்ளை உடுப்பும், மெழுகுதிரியும்தான்," என்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாக இல்லாத தண்ணீருக்குப் பயந்திருக்கிறேன்! அப்போது மச்சாள் தொண்டையைச் செருமினார்.

"சுவாமி, அப்பிடியெண்டால்... முதல் ஆர் ஊத்தினதோ அதுதான் கணக்கோ?"

"ஓம்."

"அப்ப இவ ஊத்தினது கணக்கில்லை. நான் ஊத்திப்போட்டன்."

மச்சாள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார். பிறந்த மறுநாள், நான் காய்ச்சலில் கிடந்தபோது, பால் கொண்டுபோனவர் இடுப்பில் செருகியிருந்த தீர்த்தப் போத்தலையும் கொண்டுபோயிருக்கிறார். மிஸ்ஸி பாலை அளக்கத் திரும்பின நேரம் பார்த்து, போத்தல் மூடியில் ஊற்றி, கையை உள்ளே விட்டுக் காரியத்தை முடித்துவிட்டார். மிஸ்ஸி கண்டிருந்தால் மச்சாள் அந்த மாடியில் மறுபடியும் கால் வைத்திருக்க முடியாது.

"அப்ப அவள் நல்லா இருந்தவள் சுவாமி. நல்ல சிவப்பு. கண்ணை முழிச்சுப் பாத்தவள். பேர் ஒண்டும் வைக்கேல்லைத்தானே, 'மகள்' எண்டு சொல்லித்தான் ஊத்தினனான்."

"ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்ல?" என்று கத்தினேன். அறைவீடு என்றும் பார்க்கவில்லை.

"நீ பெத்தனீ. நான் முந்தினது உனக்கு நோகுமெண்டு நினைச்சன்," என்றார். அந்தப் பேச்சில் அன்றைக்கு உப்பே இல்லை.

நான் சுவாமியிடம் திரும்பினேன். "அப்ப நான் ஊத்தினது என்ன?"

"அது நீங்கள் பிள்ளையைக் குளிக்க வாத்தது, அம்மா," என்றார் சுவாமி.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் மச்சாளோடு சண்டை பிடித்தேன். என்ன சொல்லிப் பிடித்தேன் என்று நினைவில்லை. நினைவிருப்பதெல்லாம், வழியில் நின்ற கழுதைகள்கூட விலகிக்கொண்டன என்பதுதான். உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளை வழியனுப்பவில்லை. அது பிறந்த மறுநாளே, அவள் சிவப்பாகக் கண்விழித்திருந்தபோது, பயப்படாத ஒரு கையால் நடந்து முடிந்த காரியம். நான் செய்தது வெறும் தண்ணீர் வார்த்தது. எல்லாத் தாய்மாரும் செய்வது.

அன்று பின்னேரம் கிணற்றடியில் வெந்நீர் கலந்து வைத்துவிட்டு மச்சாளைக் கூப்பிட்டேன். சண்டை முடிந்ததா இல்லையா என்று தெரியாத முகத்தோடு, தோளில் முகம் புதைத்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நான் வாக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிள்ளையை எனக்கு முதுகு காட்டிக் கல்லில் இருத்தினார். பேணியில் மொண்டேன். கை வழக்கம்போல் அந்தரத்தில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன். பயம் போகவில்லை. போகாமலே ஊற்றினேன்.

அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு நீலம். வாயைச் சுற்றி நீலம்.

நான் ஓடவில்லை. அவள் காலைத் தேடவும் இல்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். அவள் கோபத்தோடு வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். நாக்கும் நீலம், பல்லும் நீலம்.

"ஐயோ, நாவல்பழம்!" என்று மச்சாள் தலையில் கைவைத்தார். "அழுதாளெண்டு தெருவில வித்தவனிட்ட வாங்கிக் குடுத்தனான், கொட்டையெல்லாம் எடுத்துப்போட்டுத்தான்..."

நான் கல்லடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வயிற்றில் வெட்டின இடம் வலிக்கும்வரை சிரித்தேன். நான் சிரிக்கிறேன் என்பதற்காகவே அவள் இன்னும் கோபமாகி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாடிவரை கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

நான் எழும்பிப் பேணியை நிரப்பினேன். அவள் நாடியை நிமிர்த்திப் பிடித்து, நெற்றியில் ஊற்றி, அந்த நீலத்தை என் விரலால் தேய்த்துக் கழுவினேன்.